ஆய்வு நாளில் வராத பிள்ளைகள்

எட்டு. ஏழு. ஆறு.

விழுப்புரத்திலிருந்து வந்த உத்தரவில் அந்த மூன்று எண்களையும் யாரோ சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்கள். வேணி முதலில் நின்றுகொண்டே படித்தாள். பிறகு பிள்ளைகளின் குட்டி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மறுபடி படித்தாள்.

'நெடும்பாக்கம் காலனி அங்கன்வாடி மையத்தில் நடைபெற்ற மூன்று ஆய்வுகளிலும் குழந்தைகளின் வருகை பத்துக்கும் குறைவாக இருந்தமையால், மேற்படி மையத்தை அருகிலுள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியுடன் இணைக்க உத்தேசிக்கப்பட்டுள்ளது. ஆட்சேபணை இருப்பின் வரும் திங்கள் காலை பதினோரு மணிக்கு நேரில் தெரிவிக்கலாம்.'

இன்று செவ்வாய். இடையில் ஐந்தே நாள்.

பதினான்கு வருடங்களாகத் திண்டிவனத்தில் பஸ் ஏறி, கிளியனூருக்கு முந்தைய நிறுத்தத்தில் இறங்கி, இந்த ஒற்றை அறைக்கு வந்துகொண்டிருக்கிறாள் வேணி. சுவரில் இருக்கும் முயலும் மாம்பழமும் அவள் கையால் வரைந்தவை. மையம் மூடப்பட்டால் மூன்று வயதுப் பிள்ளைகள் புதுச்சேரி சாலையைக் கடந்துதான் பள்ளிக்குப் போகவேண்டும். அவளை எங்கே தூக்கிப் போடுவார்கள் என்பது பற்றி உத்தரவில் ஒரு வரி கிடையாது.

அவள் அலமாரியைத் திறந்து வருகைப் பதிவேட்டை எடுத்தாள். பதிவேட்டில் இருபத்தொரு பிள்ளைகள். சாதாரண நாளில் பதினெட்டு, பத்தொன்பது பேர் வருகிறார்கள். மழை கொட்டிய நாளில்கூடப் பதினைந்து. ஆய்வு நடந்த மூன்று நாளில் மட்டும் எட்டு, ஏழு, ஆறு.

முதல் ஆய்வின்போது யாருக்கோ காது குத்து என்றார்கள். இரண்டாவது ஆய்வின்போது ஊரெல்லாம் காய்ச்சல். மூன்றாவது நாள், "மல்லாட்டை பிடுங்கப் போறோம் டீச்சர், புள்ளையையும் இட்டுக்கினு போறோம்" என்றார்கள். நிலக்கடலை பிடுங்கும் காலம்தான். அப்போதெல்லாம் நம்பிவிட்டாள். இப்போது மூன்று பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாள்.

சாக்குகள் வேறு வேறு. வராத பிள்ளைகள் மட்டும் அதே பிள்ளைகள்.

யாரோ வேலை செய்திருக்கிறார்கள்.

யார்?

ஆய்வு என்பது சொல்லாமல் கொள்ளாமல் வருவது. சட்டம் அப்படி. நடைமுறை வேறு. திண்டிவனம் அலுவலகத்தில் இருக்கும் பிரபாவதி முந்தைய நாள் சாயங்காலமே போன் போட்டு, "வேணி, நாளைக்கு நல்ல சேலையா கட்டிக்கினு போ" என்பாள். அவ்வளவுதான், புரிந்துவிடும். வேணி அதை மையத்தின் ஆயா செண்பகத்திடம் சொல்வாள். செண்பகம் விடிந்ததும் வீடு வீடாகப் போய், "ஆபீசர் வர்றாங்க, புள்ளைங்களக் குளிப்பாட்டி அனுப்புங்க" என்று கூவிவிட்டு வருவாள். எல்லா மையத்திலும் இதுதான் வழக்கம். அறை நிறைந்திருக்க வேண்டுமே!

ஆக, ஆய்வுத் தேதி வேணிக்குத் தெரியும், செண்பகத்துக்குத் தெரியும். மூன்றாவது ஓர் ஆளுக்கும் தெரியும். சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியர் கோதண்டபாணி. அதிகாரியின் ஜீப் முதலில் அவர் பள்ளியில்தான் நிற்கும். டீயும் அங்கேதான்; அதனால் அவருக்கும் முன்கூட்டியே தகவல் வந்துவிடும்.

அவர் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்துப் பதினேழே பிள்ளைகள். அடுத்த வருடம் அதுவும் குறைந்தால் பள்ளிக்கே பூட்டு. இங்கிருந்து இருபத்தொரு பேர் போய்ச் சேர்ந்தால்?

வேணி பதிவேட்டைப் படாரென்று மூடினாள்.

அன்று சாயங்காலம் நான்கு மணி பஸ்ஸை வேண்டுமென்றே தவறவிட்டாள். காலனிக்குள் நடந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய டி.வி.எஸ். நின்றிருந்தது. கோதண்டபாணியின் வண்டி. அவரைச் சுற்றி நான்கைந்து பெண்கள். நடுவில் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தவள் கலைப்பிரியா. அவள் மகன் இரண்டாம் வகுப்பு, மகள் வேணியின் மையத்தில்.

வேணியைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ரேடியோவை அணைத்தது மாதிரி.

"என்ன சார், இந்தப் பக்கம்?"

"சும்மாதாம்மா." கோதண்டபாணி ஹெல்மெட்டைத் தேடினார். அது அவர் தலையிலேயே இருந்தது. "பிள்ளைங்க கணக்கெடுப்பு..."

"அது மே மாசமில்ல எடுப்பீங்க?"

"முன்கூட்டியே எடுத்துட்டா நல்லதுதானே."

"கணக்கெடுக்க வந்தவர் கையில ஒரு நோட்டு, பேனாகூட இல்லையே சார்?"

அவர் வண்டியை உதைத்தார். நான்காவது உதையில் கிளம்பியது.

கலைப்பிரியா புன்னகைத்தாள். கண் சிரிக்கவில்லை. "டீச்சர், பஸ்ஸு போயிடப் போவுது. ஜல்தியா போங்க."

"போனாப் போவட்டும். இங்க ஏதோ பேசிக்கினு இருந்தீங்களே?"

"கேப்பைக் கூழுக்கு இன்னா தொட்டுக்கறதுன்னு பேசிக்கினு இருந்தோம்."

"எச்.எம்.கிட்டயா?"

"அவரு வீட்லயும் கூழுதானாம்."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வேணிக்குக் காது மடல் சூடானது. திரும்பி நடந்தாள்.

பொறி வைக்கவேண்டும். பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்வதற்குள் பொறி தயாராகிவிட்டது. பொய்யாக ஓர் ஆய்வுத் தேதி. அதை ஒரே ஓர் ஆளின் காதில் மட்டும் போடவேண்டும். எந்தக் காதில் போட்டது காலனிக்குள் பரவுகிறதென்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பஸ்ஸில் இருந்தபடியே கோதண்டபாணிக்குப் போன் செய்தாள். "சார், நாளைக்கு ஆபீசர் வர்றாங்களாம். வேற யாருக்கும் தெரியாது. உங்க காதுல போட்டு வெக்கிறேன்."

"நாளைக்கா?" அவர் குரல் ஒரு படி இறங்கியது. "எனக்கு ஒண்ணும் தகவல் வரலையேம்மா..."

"வந்துரும் சார்."

புதன்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குள் மையத்தில் பத்தொன்பது பிள்ளைகள். யாருக்கும் காது குத்து இல்லை, காய்ச்சல் இல்லை. வேணி மதியம் சாலையைக் கடந்து போய்ப் பள்ளியை எட்டிப் பார்த்தாள். முற்றம் பளிச்சென்று பெருக்கப்பட்டிருந்தது. தேய்த்த சட்டையோடு கோதண்டபாணி வாசலில் நின்று திண்டிவனம் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கும் அங்கேயேதான் நின்றார்.

அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அப்படியென்றால்...

வேணிக்கு அந்த இன்னொரு பெயரை நினைக்கவே பிடிக்கவில்லை. செண்பகம் ஒன்பது வருடமாக அவளோடு இருப்பவள். காலனிக்காரி. காசநோய் வந்து வேணி மூன்று மாதம் படுத்திருந்தபோது மையத்தைத் தனியாக ஓட்டியவள். இருந்தாலும் பொறி பொறிதான்.

"செண்பகம், நாளைக்கு ஆபீசர் வர்றாங்க. வழக்கம்போல காலைல போயி சொல்லிடு."

செண்பகம் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே தலையாட்டினாள். "சொல்லிடறேன் டீச்சர்."

வியாழக்கிழமை வேணி ஒரு பஸ் முன்னால் பிடித்தாள். ஒன்பது மணிக்கு மையத்துக்குள் நுழைந்தபோது ஒரு பிள்ளையும் வந்திருக்கவில்லை. செண்பகம் சமையல் மூலையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். வேணி செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் பின்னால் போய் நின்றாள்.

தினமும் நீல மக்கில் ஐந்து மக் அரிசி போடுவாள் செண்பகம். பாத்திரம் முக்கால்வாசி நிறையும். இன்று அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஒன்றரை மக்குக்கு மேல் இருக்காது.

"அரிசி கொறைச்சலா இருக்குதே?"

தண்ணீருக்குள் செண்பகத்தின் கை அப்படியே நின்றது.

"பசங்க... இப்பல்லாம் சரியா சாப்பிடறது இல்ல டீச்சர்."

வேணி அறை நடுவுக்குத் திரும்பினாள். பாயை விரித்தாள். பத்து மணிவரை காத்திருந்தாள். வல்லரசு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தான். பிரவீன்குமார் வந்தான். பின்னால் ஒவ்வொன்றாக நான்கு பேர். மொத்தம் ஆறு.

அடுப்பில் வெந்துகொண்டிருந்த சோறு ஆறு பேருக்குக் கணக்காக இருந்தது.

"ஆபீசர் வரலை செண்பகம். வரவும் மாட்டாங்க. அது நான் கெளப்பிவுட்ட புரளி." வேணியின் குரல் தணிந்திருந்தது. "ஒண்ணு கேக்கறேன். ஒரு புள்ளைகூட வர்றதுக்கு முன்னாடியே ஆறு பேருதான் வருவாங்கன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

செண்பகம் அடுப்பைப் பார்த்தாள். சுவர் முயலைப் பார்த்தாள். கடைசியில் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வடிச்ச சோறு வீணாப் போவக் கூடாதுன்னு பாத்தேன் டீச்சர்." பொய்யே தெரியாத ஆள் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட முகம். "போன மூணு தடவையும் குண்டான் சோத்தை நாய்க்குக் கொட்டினோமே, மனசு கேக்கல."

"அப்ப மூணு தடவையும் நீதான். நான் கூப்பிடச் சொல்லி அனுப்பினேன். நீ வர வேணாம்னு சொல்லிக்கினு வந்தே."

"நீங்க சொன்னதைத்தான் சொன்னேன். ஆபீசர் வர்றாங்கன்னு. அனுப்பறதும் அனுப்பாததும் அவங்கவங்க இஷ்டம்."

"கோதண்டபாணி சார் என்ன ஆசை காட்டினாரு உனக்கு? ஸ்கூல்ல வேலையா?"

செண்பகம் நிமிர்ந்தாள். ஒன்பது வருடத்தில் அவள் இப்படிப் பார்த்ததில்லை.

"அந்தக் கேள்விய நீங்க கேட்டிருக்கக் கூடாது டீச்சர். மண்டே வரைக்கும் என்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. அப்புறம் நான் ஏதாவது பேசிடுவேன்."

வெள்ளிக்கிழமை அதைவிட விசித்திரம் நடந்தது.

ஒரு வெள்ளைக் கார் காலனி முனையில் வந்து நின்று ஹாரன் அடித்தது. உள்ளே ஊராட்சித் துணைத் தலைவர் சின்னதுரை. ஊரில் முப்பது ஏக்கர்காரர். பதினான்கு வருடத்தில் ஒருமுறைகூட மையத்தின் படியை மிதிக்காதவர். குழாய் உடைந்து வேணி எட்டு மனு கொடுத்தபோது ஒன்றுக்கும் பதில் சொல்லாதவர்.

இன்றும் அவர் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"டீச்சரம்மா, கேள்விப்பட்டேன். இது அநியாயம். இந்த இணைப்பை நான் நடக்க உட மாட்டேன்." இருக்கையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்துக் காட்டினார். "நாப்பது கையெழுத்து. பூரா ஊருக்காரங்க போட்டது. மையம் இருக்கற எடத்துலயே இருக்கணும்னு."

"உங்களுக்கு எதுக்குண்ணே இவ்ளோ சிரமம்?"

"ஊரு நல்லதுதாம்மா. நீங்க பஸ்ல அலைய வேணாம். மண்டே திண்டிவனத்துக்கே கார் அனுப்பறேன். உங்க பதிவேட்டை எடுத்துக்கினு வாங்க. தெனம் பத்தொம்போது பேரு வர்றாங்கன்னு ஆதாரத்தோட காட்டிட்டா ஆர்டரை அங்கயே கிழிச்சுப் போட்டுடுவாங்க."

தினம் பத்தொன்பது பேர் வருகிறார்கள் என்பது இவருக்கு எப்படித் தெரியும்? யார் இவருக்காக எண்ணுகிறார்கள்?

கேள்வி எழுந்தது. ஆனால் மூழ்குகிற நேரத்தில் கயிறு எந்தக் கடையில் வாங்கினது என்று கேட்க முடியுமா? வேணி தலையாட்டினாள்.

திங்கட்கிழமை கார் கூட்டேரிப்பட்டைத் தாண்டி விக்கிரவாண்டியில் டீக்கு நின்றது. பதிவேடு வேணியின் மடியில் இருந்தது. சின்னதுரை நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"நீங்க அந்தப் புள்ளைங்கள நல்லா பாத்துக்கினு இருக்கீங்க டீச்சரம்மா. அதுங்க அங்கயே இருக்கட்டும். அதானே எல்லாருக்கும் நல்லது?"

"எல்லாருக்கும்னா?"

"எங்க பேரனுங்க ரெண்டு பேரும் கிளியனூருக்கு வேன்ல போய்க்கினு இருக்கானுங்க. எல்.கே.ஜி. ஒருத்தன், யு.கே.ஜி. ஒருத்தன். ஒண்ணாங்கிளாசுக்கு நம்ம ஸ்கூலுக்கே வந்துடுவானுங்க. அதுக்குள்ள எழுத்து படிச்சுருவானுங்க, முன்னாடி உக்காருவானுங்க. அது ஒண்ணும் பிரச்சனை இல்ல." அவர் டீயை ஊதினார். "இப்ப இணைச்சுட்டா எல்.கே.ஜி.யே நம்ம ஸ்கூலுக்கு வந்துடும். ஓசில கெடைக்குதுன்னு ஊருக்காரன் பூரா வேனை நிறுத்திட்டு அங்க அனுப்புவான். மூணு வயசுலேர்ந்து எல்லாம் ஒரே பாயில உக்காந்து, ஒரே எடத்துல சாப்ட்டு... அதுங்களுக்கு இன்னா தெரியும்? ஒட்டிக்கும். அப்புறம் பிரிக்க முடியாதும்மா."

வானிலை பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னார். பிஸ்கட்டை நீட்டினார்.

வேணி வாங்கவில்லை. அந்தக் காரில் தான் எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவளுக்கு முதல்முறையாகத் தெரிந்தது. 

விழுப்புரம் அலுவலக வராந்தாவில் பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கலைப்பிரியா, செண்பகம், கூலி வேலைக்குப் போகும் வீரம்மாள், மையத்துப் பிள்ளைகளின் அம்மாக்கள் இன்னும் எட்டுப் பேர். சின்னதுரையின் காரிலிருந்து வேணி இறங்கியதை எல்லோரும் பார்த்தார்கள்.

"வாங்க டீச்சர்," என்றாள் கலைப்பிரியா. "ஏசி காரா? வேர்க்கல பாருங்க."

வேணி அவள் எதிரிலேயே தரையில் உட்கார்ந்தாள். "பேஜாரு பண்ணாத கலை. எல்லாரும் சேர்ந்துதான் புள்ளைங்கள நிறுத்தினீங்க. எதுக்கு? அதை மட்டும் சொல்லு."

கலைப்பிரியா செண்பகத்தைப் பார்த்தாள். செண்பகம் தலையாட்டினாள்.

"எம் பெரியவன் உங்ககிட்டதானே வளந்தான்? ஒன்போது கிலோ இருந்தவனைப் பதினாலு கிலோ ஆக்கி அனுப்பினீங்க. நாங்க மறக்கல. ஒண்ணாங்கிளாஸ் போனான். இங்கிலீஷ் ஸ்கூலு வேன்ல போன புள்ளைங்கள்லாம் ஏ, பி, சி, டி எழுதுது. இவனுக்குப் பாட்டு தெரியுது, காக்கா கதை தெரியுது. எழுத்து தெரியல. 'எழுத்து தெரிஞ்ச புள்ளைங்க முன்னாடி, தெரியாத புள்ளைங்க சுவரோரம்'னாங்க. ஒரு வாரம்னு சொல்லி உக்கார வெச்சாங்க. ரெண்டு வருசமா சுவரோரம்தான் இருக்கறான். அவன் மட்டுமா? சுவரோரத்துல இருக்கற அத்தினியும் நம்ம புள்ளைங்க."

"எம் பொண்ணும்தான்," என்றாள் செண்பகம். "நாலாங்கிளாசு. நாலு வருசமா அதே சுவரு."

"மூணு வயசுலயே எல்லாம் ஒண்ணா போயி உக்காந்துட்டா, அப்ப எவனுக்கு எழுத்து தெரியும்? எவன் எவனை எழுப்பி வுடுவான்?"

வேணி இன்னும் அருகே நகர்ந்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"'நான் சொல்லித் தர்றேன், இங்கயே இருக்கட்டும்'னு சொல்லுவீங்க. அழுவீங்க. நாங்க மனசு மாறிடுவோம்."

"ரோடு இருக்குதே, யோசிச்சீங்களா?"

"தெனம் ரெண்டு பேரு முறை. லிஸ்டே போட்டாச்சு."

"அப்ப நேரா மனு குடுக்க வேண்டியதுதானே? எதுக்கு இப்படித் திருட்டுத்தனமா?"

இதுவரை பேசாத வீரம்மாள் கார் நின்ற பக்கம் முகவாயைக் காட்டினாள். "உங்கள இட்டுக்கினு வந்தாரே, அவரு கொல்லையிலதான் நாங்க மல்லாட்டை பிடுங்கறோம். மனுவுல எம்பேரைப் பாத்தா மறுநாளு வேலை ஏது? புள்ளைங்க வரலைன்னா கவர்மெண்டு தானா மூடிடும். எங்க கையி அதுல தெரியாது."

"இந்த யோசனை யாரோடது?"

எல்லோரும் வராந்தாக் கடைசியைப் பார்த்தார்கள். தூணுக்குப் பின்னால் கோதண்டபாணி தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தார்.

"பத்துக்குக் கீழ போனா தானா இணைச்சுருவாங்கன்னு பேச்சுவாக்குல சொன்னாரு. அதையே எழுதித் தாங்க சார்னு தொட்டியாண்ட மடக்கிக் கேட்டோம், நீங்களும் பாத்தீங்களே. அன்னிக்கிலேர்ந்து எங்களைக் கண்டா வண்டிய உதைக்கறாரு."

உள்ளே கூப்பிட்டார்கள்.

அதிகாரி நடுவயதுப் பெண்மணி. மேசையின் ஒரு பக்கம் சின்னதுரை நாற்காலியில். பெண்கள் சுவர் ஓரமாக நின்றார்கள். கோதண்டபாணி கதவருகே.

சின்னதுரை மனுவை நீட்டினார். "மேடம், மையத்துல தெனம் பத்தொம்போது புள்ளைங்க வருது. டீச்சர் ஆதாரம் கொண்டாந்திருக்காங்க."

"காட்டுங்கம்மா."

வேணி பதிவேட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். திறந்தால் உத்தரவு ரத்து. மையம் அவளுடையது. முயல், மாம்பழம், பதினான்கு வருடம். இந்தப் பெண்கள் அதிகாரியை ஏமாற்றியவர்கள் ஆகிவிடுவார்கள். திறக்காவிட்டால்?

"ஒரு நிமிஷம் மேடம்," என்று இழுத்தாள். "இணைச்சீங்கன்னா புள்ளைங்க எங்க உக்காருவாங்க?"

அதிகாரி கோதண்டபாணியைப் பார்த்தார். அவர் ஓர் அடி முன்னால் வந்தார். "எட்டுப் பேர்தானே மேடம்... சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்துல பழைய ஸ்டோர் ரூம் ஒண்ணு இருக்கு. அது போதும். வேன்ல போற பிள்ளைங்க வந்தா அவங்களுக்குக் கிளாஸ் ரூம்ல..."

"தனித்தனியாவா சார்?"

"எண்ணிக்கையை வச்சுத்தானேம்மா இடம் ஒதுக்க முடியும்!"

சின்னதுரை தலையைச் சாய்த்து யோசித்தார். முகத்தில் மெல்ல ஒரு திருப்தி பரவியது. ஸ்டோர் ரூம் என்றால் அவருக்கு இணைப்பிலும் ஆட்சேபணை இருக்காது போலிருந்தது.

வேணி அந்த முகத்தைப் பார்த்தாள். பதிவேட்டைத் திறந்து மேசையில் வைத்தாள்.

சுவர் ஓரத்தில் கலைப்பிரியா, "ஐயோ டீச்சர்" என்றாள்.

"இருபத்தொரு பேர் மேடம். எட்டு இல்ல. தெனம் பதினெட்டுக்குக் கொறையாம வருவாங்க. ஆய்வு அன்னிக்கு மட்டும்தான் வரல."

"ஏன்?"

"ஆபீசர் வர்றாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சுடும் மேடம்."

"எப்படித் தெரியும்? ஆய்வை நாங்க சொல்றதே இல்லையே!"

வேணிக்குப் பிரபாவதியின் முகம் வந்து போனது. "ஜீப்பு சத்தம் மேடம். எங்க பக்கம் தூரத்துலயே கேக்கும்."

அதிகாரி சில விநாடி அவளையே பார்த்தார். பிறகு ஏதோ எழுதுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். "இருபத்தொண்ணுன்னா இணைக்க விதி இல்லை. மையம் அங்கேயே இருக்கும். அதுதானே உங்களுக்கு வேணும்?"

"அதான் மேடம்!" என்றார் சின்னதுரை.

"இல்ல மேடம்," என்றாள் வேணி. "இருபத்தொரு பேரும் அந்த ஸ்கூலுக்குப் போவணும். ஸ்டோர் ரூமுக்கு இல்ல. எல்லாப் புள்ளைங்களும் உக்கார்ற அதே ரூமுக்கு. பெத்தவங்க அதைத்தான் கேக்கறாங்க."



அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "பெற்றோர் கோரிக்கைன்னு எழுதிக் குடுத்தா பண்ணலாம். ஒரே வகுப்பறைன்னு நானே ஆர்டர்ல போடறேன். ஆனா பேரும் கையெழுத்தும் வேணும். இப்பவே, என் முன்னாடி."

சின்னதுரை நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். சுவர் ஓரமாக நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவசரமே இல்லை. மனசுக்குள் பெயர் குறித்துக்கொள்வது போலிருந்தது.

"எழுதட்டும் மேடம். யாரு யாரு எழுதறாங்கன்னு நானும் பாக்கறேன்."

ஒருவரும் அசையவில்லை. மின்விசிறி கிறீச்சிட்டது. கோதண்டபாணி கதவுப் பக்கம் ஓர் அடி நகர்ந்தார்.

வேணி சுவர்ப் பக்கம் திரும்பினாள். தப்பு செய்துவிட்டேனா? மறைந்திருந்தவர்களை இழுத்து வெளிச்சத்தில் நிறுத்திவிட்டேனா?

"பேனா குடுங்க டீச்சர்." வீரம்மாள்தான். கையை நீட்டினாள்.  "எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். லேட்டாவும்."

"ஆவட்டும்," என்றார் அதிகாரி.

கலைப்பிரியா மனுவை எழுதினாள். கீழே வீரம்மாள் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக நட்டாள். அடுத்து செண்பகம். அடுத்து கலைப்பிரியா. பதினோரு கையெழுத்தும் விழுந்தபிறகு கலைப்பிரியா காகிதத்தைத் திரும்ப வாங்கி ஒரு வரி சேர்த்தாள்: வேணி டீச்சரையும் கூடவே அனுப்பவும்.

"இதுக்கு நான் வாக்கு குடுக்க முடியாது," என்றார் அதிகாரி.

"எழுதறது எங்க கடமைங்க மேடம்."

வெளியே வந்தபோது வெள்ளைக் கார் போய்விட்டிருந்தது.

திண்டிவனம் பஸ்ஸில் எல்லோருக்கும் இடம் கிடைத்தது. பஸ் கிளம்புவதற்கு முன்பே வீரம்மாளின் போன் அடித்தது. காதில் வைத்தாள். அந்தப் பக்கம் மேஸ்திரி குரல் வேணிக்கும் கேட்டது.

"நாளைக்கு வர வேணாமா? சரிண்ணே." வீரம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். "எங்களுக்கும் நாளைக்கு ஸ்கூலாண்ட வேலை இருக்குது."

போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். 

"நாளைக்கு ஸ்கூல்ல என்ன வேலை வீரம்மா?" என்றாள் வேணி.

"அந்த ரூமு சாவி யாரு கையில இருக்குது, பாயி எந்தப் பக்கம் போடறாங்கன்னு பாக்கணும் இல்ல?"

"ஆர்டர்லயே போடறேன்னு மேடம் சொல்லிட்டாங்களே. எச்.எம்.மை நம்பலையா?"

"நம்பறோம் டீச்சர்," என்றாள் கலைப்பிரியா முன் இருக்கையிலிருந்து. "நின்னு பாத்துக்கினே நம்பறோம்."

சாவியைப் பற்றிக் கேட்க வேணி போனை எடுத்துக் கோதண்டபாணியின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.